விமானிக்கு ஓய்வு வயது எது? ஒரே நாளில் ஐந்து ஆண்டு பெற்றவர்களும் இழந்தவர்களும்!

டிசம்பர் 13, 2007. அமெரிக்க அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் ஒரு சின்னச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். பயணிகள் விமானம் ஓட்டும் விமானிகளின் கட்டாய ஓய்வு வயது 60-லிருந்து 65 ஆக உயர்ந்தது. சட்டம் அன்றைக்கே அமலுக்கும் வந்துவிட்டது.

மறுநாள் 60 வயது நிறையவிருந்த ஒரு கேப்டனை நினைத்துப் பாருங்கள். சீருடையை மடித்து வைக்கத் தயாராக இருந்தவருக்கு, திடீரென்று இன்னும் ஐந்து ஆண்டு சர்வீஸ் கிடைத்துவிட்டது. அதே பதவி, அதே விமானம், அதே சம்பளம்.

இப்போது, அதே நிறுவனத்தில் டிசம்பர் 12-ஆம் தேதி 60 நிறைந்த இன்னொரு கேப்டனை நினைத்துப் பாருங்கள். இரண்டு நாள் மூத்தவர். அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால், அவர் கேப்டன் இருக்கையிலிருந்து இறங்கியாகிவிட்டது. பழைய இடம் இனிக் கிடையாது.

மூன்றாவதாக ஒருவரும் இருக்கிறார். விமானி அறையில் வலது இருக்கையில் அமர்ந்திருக்கும் 38 வயது துணை விமானி. மேலே இருக்கும் மூத்தவர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெற்றால், இரண்டு, மூன்று ஆண்டில் இடது இருக்கைக்கு மாறி கேப்டன் ஆகிவிடலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தவர். அந்தக் கணக்கு அன்றைக்கே தப்பிப்போனது.

இந்த மூன்று பேருமே கற்பனை மனிதர்கள்தான். ஆனால், இவர்களைப் போல ஆயிரக்கணக்கானவர்கள் நிஜத்தில் இருந்தார்கள். ஓய்வு வயது என்றதும் பலரும் உடல்நலம், கண்பார்வை, பாதுகாப்பு என்றுதான் பேசுவார்கள். அதற்குள்ளே இன்னொரு வழக்கு எப்போதும் ஒளிந்திருக்கிறது. வரிசையில் நிற்பவர்களின் வழக்கு!

வரிசை எண்தான் வாழ்க்கை

அமெரிக்காவின் பெரிய விமான நிறுவனங்களில் ஒருவர் விமானியாகச் சேர்ந்ததும், அவருக்கு ஒரு வரிசை எண் கிடைக்கும். அதுதான் சீனியாரிட்டி எண். சேர்ந்த தேதிதான் அதற்கு அடிப்படை. முன்னால் சேர்ந்தவர் மேலே, பின்னால் சேர்ந்தவர் கீழே.

அந்த எண் வெறும் மரியாதைக்கு அல்ல. எந்த ரக விமானத்தை ஓட்டலாம், எந்த ஊரைத் தளமாக வைத்துக்கொள்ளலாம், கேப்டனா துணை விமானியா, எந்த மாதம் லீவு, கிறிஸ்துமஸுக்கு வீட்டில் இருக்க முடியுமா... எல்லாவற்றையும் முடிவு செய்வது அந்த எண்தான். ஒவ்வொரு மாதமும் பணி அட்டவணை வரும்போது, மேலே இருப்பவர் முதலில் தேர்ந்தெடுப்பார். அவர் எடுத்து மிச்சம் வைத்ததில் அடுத்தவர் எடுப்பார். கடைசியில் இருப்பவருக்கு, யாருக்கும் வேண்டாத நள்ளிரவுப் பயணங்களும், போன் வந்தால் உடனே கிளம்ப வேண்டிய ரிசர்வ் டியூட்டியும்தான் மிஞ்சும்.

சம்பளமும் இதையொட்டித்தான். ஒரே விமானத்தில் துணை விமானிக்குக் கிடைப்பது, கேப்டன் வாங்குவதில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு. சின்ன விமானத்திலிருந்து பெரிய விமானத்துக்குப் போனால் சம்பளம் இன்னும் கூடும். ஆட்குறைப்பு வந்தாலும் இதே வரிசைதான். ஆனால், அது கீழேயிருந்து மேலே வரும். கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் வீட்டுக்கு.

‘பிடிக்கவில்லையென்றால் வேறு கம்பெனிக்குப் போகலாமே?’ என்று கேட்கலாம். ஐ.டி. துறையில் அது நடக்கும். இங்கே நடக்காது. இருபது ஆண்டு அனுபவமுள்ள கேப்டன் வேறு விமான நிறுவனத்துக்கு மாறினால், அங்கே வரிசையின் அடிமட்டத்தில் புதியவராக, துணை விமானியாகத்தான் சேர வேண்டும். அனுபவம் கூட வரும், எண் வராது.

இந்த முறை ஏன் வந்தது? அதற்கும் நியாயமான காரணம் உண்டு. வானிலை மோசமாக இருக்கிறது, இயந்திரத்தில் சந்தேகம் இருக்கிறது என்றால், ‘விமானத்தை எடுக்க மாட்டேன்’ என்று சொல்லும் துணிச்சல் கேப்டனுக்கு வேண்டும். பதவி உயர்வு மேலதிகாரியின் கையில் இருந்தால் அந்தத் துணிச்சல் குறையும். தேதியின் கையில் இருந்தால் யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை. அதனால்தான் விமானிகளின் தொழிற்சங்கங்கள் சீனியாரிட்டியை உயிராகப் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

ஆனால், இந்த வரிசை நகர வேண்டுமென்றால் இரண்டே வழிதான். ஒன்று, நிறுவனம் வளர்ந்து புது விமானங்கள் வர வேண்டும். இல்லையென்றால், மேலே இருப்பவர் ஓய்வு பெற வேண்டும். அதனால் ஓய்வு வயதைத் தொட்டால், வரிசையில் இருக்கும் ஒவ்வொருவரையும் தொட்டதாகிவிடும்.

60 எங்கிருந்து வந்தது?

இந்த 60 என்ற எண்ணே ஒரு பதவிச் சண்டையில் பிறந்ததுதான் என்பது பலருக்குத் தெரியாது.

1950-களின் கடைசியில் ஜெட் யுகம் தொடங்கியது. 1959 ஜனவரியில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ், போயிங் 707 விமானத்தை நியூயார்க்குக்கும் லாஸ் ஏஞ்சல்ஸுக்கும் இடையே ஓட்ட ஆரம்பித்தது. சீனியாரிட்டிப்படி புது ஜெட் விமானங்கள் மூத்த விமானிகளுக்குத்தான் போகும். அவர்களுக்குப் புதிதாகப் பயிற்சி கொடுக்கச் செலவாகும். பயிற்சி முடிந்த சில ஆண்டுகளில் ஓய்வு பெற்றும் விடுவார்கள். அந்த நிறுவனம் தானாகவே 60 வயதில் ஓய்வு என்று முடிவெடுத்தபோது, பாதிக்கப்பட்ட விமானிகள் நடுவரிடம் முறையிட்டார்கள். தீர்ப்பு விமானிகளுக்குச் சாதகமாக வந்தது.

1959 பிப்ரவரியில் அந்த நிறுவனத்தின் தலைவர் சி.ஆர். ஸ்மித், அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்.ஏ.ஏ.வின் தலைவர் எல்வுட் கெசாடாவுக்குக் கடிதம் எழுதினார். 60 வயதை அரசு விதியாகவே ஆக்க வேண்டும் என்பது கோரிக்கை. அதே ஆண்டு டிசம்பரில் விதி வெளியானது. 1960 மார்ச் 15 முதல் அமலுக்கு வந்தது. வயது கூடக்கூட, திடீரென்று மாரடைப்பு போன்றவை வரும் வாய்ப்பு கூடுகிறது என்று மருத்துவக் காரணம் சொல்லப்பட்டது. 1961-இல் அரசுப் பதவியை விட்ட கெசாடா, பிறகு அமெரிக்கன் ஏர்லைன்ஸ் இயக்குநர் குழுவில் இடம்பெற்றார். இந்த விதியை எதிர்த்தவர்கள் அதைப் பல பத்தாண்டுகள் சொல்லிக் காட்டிக்கொண்டே இருந்தார்கள்.

விமானிகளின் பெரிய தொழிற்சங்கமான ‘ஏர் லைன் பைலட்ஸ் அசோசியேஷன்’ ஆரம்பத்தில் இதை எதிர்த்து கோர்ட்டுக்குப் போனது; தோற்றது. இருபது ஆண்டு கழித்து, 1980-இல் அதே சங்கம் தலைகீழாக மாறி, ‘60 வயதே இருக்கட்டும்’ என்று ஆதரிக்க ஆரம்பித்தது!

இது புரிந்துகொள்ளக்கூடியதுதான். இருபது ஆண்டு ஒரு விதி இருந்தால், எல்லோரும் அதைச் சுற்றியே வாழ்க்கையைக் கட்டிக்கொள்வார்கள். 60-இல் நல்ல பென்ஷனோடு வீட்டுக்குப் போகலாம் என்பது ஏற்பாடு. மூத்தவர் நிம்மதியாகப் போவார். இளையவர் மேலே வருவார். வரிசை ஓடிக்கொண்டே இருக்கும்.

பென்ஷன் போனது, கணக்கும் போனது

இந்த ஏற்பாட்டை உடைத்தது 2001 செப்டம்பர் 11. அதன்பிறகு வந்த நஷ்டத்தில் பெரிய நிறுவனங்கள் ஒவ்வொன்றாக திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போயின. ஆயிரக்கணக்கான இளம் விமானிகள் வேலையிலிருந்து அனுப்பப்பட்டார்கள். இருந்தவர்களின் சம்பளம் வெட்டப்பட்டது. யூ.எஸ். ஏர்வேஸ் விமானிகளின் பென்ஷன் திட்டம் 2003-இல் கைவிடப்பட்டது. 2005-இல் யுனைடெட் நிறுவனமும் தன் பென்ஷன் திட்டங்களைக் கைகழுவியது. அதுவரை அமெரிக்கா கண்ட மிகப் பெரிய பென்ஷன் முறிவு அதுதான்.

இப்படிக் கைவிடப்பட்ட திட்டங்களை, அரசின் பென்ஷன் உத்தரவாத அமைப்பு ஏற்றுக்கொள்ளும். ஆனால், அதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அந்த உச்சவரம்பு 65 வயதில் ஓய்வு பெறுபவரை வைத்துக் கணக்கிடப்பட்டது. 60-இலேயே வாங்க ஆரம்பித்தால், அதில் 65 சதவிகிதம்தான் கிடைக்கும். சீக்கிரம் ஓய்வு பெற்றதற்கான வெட்டு!

இங்கேதான் விமானிகள் நொந்துபோனார்கள். ‘60-க்கு மேல் ஓட்டக்கூடாது’ என்று வீட்டுக்கு அனுப்பியது அரசு. ‘65 வரை இருக்காமல் ஏன் வந்தாய்?’ என்பதுபோல் தொகையைக் குறைத்ததும் அரசின் அமைப்பு. 2006-இல் வந்த பென்ஷன் சட்டம் இந்த முரண்பாட்டைச் சரிசெய்தது. ஆனால், அதற்கு முன்பே முறிந்துபோன யுனைடெட், யூ.எஸ். ஏர்வேஸ் திட்டங்களுக்கு அது உதவவில்லை.

இந்தக் காலத்தின் கதையை ஒரே விமானி அறையில் பார்க்க முடியும். 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் பத்திரமாக இறங்கிய யூ.எஸ். ஏர்வேஸ் 1549 விமானத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பறவைகள் மோதி இரண்டு இன்ஜினும் செயலிழந்த அந்த விமானத்தில் இருந்த 155 பேரும் பிழைத்தார்கள். கேப்டன் செஸ்லி சல்லன்பெர்கருக்கு அப்போது 57 வயது. அடுத்த மாதம் நாடாளுமன்றக் குழு முன்பு பேசிய அவர், தன் சம்பளம் 40 சதவிகிதம் குறைக்கப்பட்டதையும், பென்ஷன் பறிபோனதையும் வெளிப்படையாகச் சொன்னார்.

பக்கத்தில் இருந்த துணை விமானி ஜெஃப்ரி ஸ்கைல்ஸுக்கு 49 வயது. 15,000 மணி நேரத்துக்கும் மேல் பறந்தவர். அவர் அதற்கு முன்பே கேப்டனாக இருந்தவர்தான். நிறுவனம் சுருங்கியபோது, சீனியாரிட்டி வரிசையில் கீழே தள்ளப்பட்டு மறுபடி வலது இருக்கைக்கு வந்தவர். திறமையில் எந்தக் குறையும் இல்லை. எண்தான் குறைந்திருந்தது.

ஒரு நாள் தாமதம்

2006 நவம்பர் 23 அன்று உலக விமானப் போக்குவரத்து அமைப்பான ஐ.சி.ஏ.ஓ., விமானிகளின் உச்ச வயதை 65 ஆக்கியது. ஒருவர் 60-ஐத் தாண்டியிருந்தால், உடன் ஓட்டுபவர் 60-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

விளைவு விநோதமாக இருந்தது. 62 வயது வெளிநாட்டு கேப்டன் நியூயார்க்கில் வந்து இறங்கலாம். ஆனால், 60 வயது அமெரிக்க கேப்டன் தன் சொந்த நாட்டுக்குள்ளேயே ஓட்ட முடியாது! 2007 ஜனவரியில் எஃப்.ஏ.ஏ., விதியை மாற்றப்போவதாக அறிவித்தது. ஆனால், புது விதி எழுதிக் கருத்துக் கேட்டு வெளியிட ஒன்றரை, இரண்டு ஆண்டு ஆகும் என்ற நிலை. அதுவரை ஒவ்வொரு நாளும் சிலருக்கு 60 நிறைந்துகொண்டே இருந்தது. மே மாதத்தில் தொழிற்சங்கமும் தன் 27 ஆண்டு கால நிலைப்பாட்டைக் கைவிட்டு, வயது உயர்வுக்கு ஆதரவாகத் திரும்பியது.

டிசம்பரில் நாடாளுமன்றம் வேகம் எடுத்தது. பிரதிநிதிகள் சபையில் 390 பேர் ஆதரவு. எதிர்த்து ஒருவர்கூட இல்லை. மறுநாள் செனட்டிலும் எதிர்ப்பில்லாமல் நிறைவேறியது. அதற்கும் மறுநாள் அதிபரின் கையெழுத்து. ‘அனுபவமுள்ள விமானிகளுக்கு நியாயமான நடத்தை’ என்பதுதான் சட்டத்தின் பெயரே.

அந்த நியாயம் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. ஏற்கெனவே 60 தாண்டியவர்கள் மறுபடி விமானம் ஓட்ட வேண்டுமென்றால் இரண்டே வாய்ப்புதான். ஒன்று, ஃப்ளைட் இன்ஜினீயர் போன்ற அவசியமான பணியாளராக அதே நிறுவனத்தின் விமானி அறையில் அப்போதும் வேலை செய்துகொண்டிருக்க வேண்டும். இல்லையென்றால், பழைய சீனியாரிட்டி எதுவும் இல்லாமல் புது ஆளாகச் சேர வேண்டும். முப்பது ஆண்டு சர்வீஸ் முடித்த கேப்டன், 25 வயது இளைஞருக்குக் கீழே வரிசையில் நிற்க வேண்டும். அதுவும் யாராவது வேலை கொடுத்தால்தான்! பழைய விதிப்படி வெளியேற்றப்பட்டதற்காகவோ, புதுச் சட்டத்தைப் பின்பற்றியதற்காகவோ நிறுவனங்கள் மீது வழக்குப் போடவும் சட்டம் வழியை அடைத்திருந்தது.

ஏன் இப்படி? போனவர்களை அதே எண்ணோடு திரும்பச் சேர்த்தால், அவர்கள் இடத்துக்கு வந்த கேப்டன்கள் துணை விமானிகளாக இறங்க வேண்டும். ஒருவருக்குச் செய்யும் நியாயம், இன்னொருவருக்கு அநியாயமாகிவிடும். கோடு எங்கேயாவது கிழித்துத்தான் ஆக வேண்டும். ஆனால், கிழித்த இடத்தில் சிலரின் கால் மாட்டிக்கொண்டது.

வலது இருக்கையில் ஐந்து ஆண்டு

சரி, கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்த இளைஞர்கள்?

‘உங்களுக்கும்தானே 65 வரை வேலை? இப்போது ஐந்து ஆண்டு தாமதமானால், கடைசியில் ஐந்து ஆண்டு கூடக் கிடைக்குமே’ என்பது ஆதரவாளர்களின் வாதம். காகிதத்தில் இது சரியான கணக்கு. ஒரு கையில் எடுத்து மறு கையில் கொடுப்பதுபோல.

ஆனால், எடுப்பது இன்றைக்கு. கொடுப்பது இருபத்தைந்து ஆண்டு கழித்து. 38 வயதில் கேப்டன் சம்பளம் வந்தால் வீட்டுக் கடன் அடையும், பிள்ளைகளின் படிப்பு நடக்கும், சேமிப்பு வட்டியோடு வளரும். 63 வயதில் அதே பணம் வந்தால் அந்தப் பயன் கிடையாது. இன்னொன்றும் இருக்கிறது. 63 வரை உடம்பு ஒத்துழைக்க வேண்டும். 40 வயதைத் தாண்டிய அமெரிக்க பயணிகள் விமான கேப்டன், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனையில் தேற வேண்டும். சர்க்கரை, இதயம், வலிப்பு என்று ஏதாவது ஒன்றில் மருத்துவச் சான்று போய்விட்டால், பிற்பாடு வரவேண்டிய அந்த ஐந்து ஆண்டு வராமலே போகலாம்.

நேரமும் மோசமாக அமைந்தது. சட்டம் வந்த ஏழே மாதத்தில், 2008 ஜூலையில், கச்சா எண்ணெய் பேரலுக்கு 147 டாலரைத் தொட்டது. அடுத்து உலகப் பொருளாதார நெருக்கடி. நிறுவனங்கள் விமானங்களைக் குறைத்தன. யுனைடெட்டில் மட்டும் 1,400-க்கும் மேற்பட்ட விமானிகள் வேலையிழந்தார்கள். சாதாரணமாக, இப்படிப்பட்ட நேரத்தில் மேலே ஓய்வு பெறுபவர்களால் கீழே கொஞ்சம் மூச்சு விட இடம் கிடைக்கும். இந்த முறை மேலே கதவு மூடியிருந்தது. வயதின் காரணமாகக் கட்டாய ஓய்வு மறுபடி தொடங்கியது 2012 டிசம்பரில்தான். 2001-இலிருந்து கணக்குப் பார்த்தால், ஒரு தலைமுறை விமானிகளுக்கு பத்தாண்டுக்கும் மேல் வரிசை நகரவே இல்லை.

வயதானால் ஆபத்தா?

பயணிகளுக்கு இருக்கும் நியாயமான கேள்வி இதுதான். வயதான கேப்டனை நம்பி ஏறலாமா?

2009 ஜூன் 18 அன்று பிரஸ்ஸல்ஸிலிருந்து நியூயார்க் அருகே உள்ள நெவார்க் நகருக்குப் பறந்த கான்டினென்டல் 61 விமானத்தில், அட்லாண்டிக் கடலுக்கு மேலே கேப்டன் இறந்துபோனார். அவருக்கு வயது 60. விமானத்தில் 247 பயணிகள். உடன் இருந்த இரண்டு துணை விமானிகள் விமானத்தைப் பத்திரமாக இறக்கினார்கள்.

இந்தச் சம்பவத்தை இரண்டு தரப்பும் சாட்சிக்கு அழைக்கலாம். ‘பார்த்தீர்களா, வயதானால் ஆபத்து’ என்று ஒரு தரப்பு சொல்லலாம். ‘பார்த்தீர்களா, ஒருவருக்கு ஏதாவது ஆனாலும் விமானம் பத்திரமாகத்தான் இறங்கும்’ என்று மறுதரப்பு சொல்லலாம். இரண்டு பேர் ஓட்டும் ஏற்பாடே இதற்காகத்தான். எப்படியிருந்தாலும், 60-க்கும் 65-க்கும் நடுவே உடம்பில் எந்த மணியும் அடிப்பதில்லை. ஒருவர் 55-இலேயே தளர்ந்துவிடுகிறார். இன்னொருவர் 68-இலும் துடிப்பாக இருக்கிறார். அதனால்தான் நாட்டுக்கு நாடு எண் மாறுகிறது. ஜப்பானில் 67 வயது வரை ஓட்டலாம்.

67 ஏன் நின்றுபோனது?

கொரோனா காலத்தில் விமானங்கள் தரையில் நின்றபோது, அமெரிக்க நிறுவனங்கள் சலுகைகள் கொடுத்து மூத்த விமானிகள் பலரை முன்கூட்டியே ஓய்வில் அனுப்பின. பயணிகள் எதிர்பார்த்ததைவிட வேகமாகத் திரும்பி வந்தார்கள். விமானிகள் போதவில்லை. சின்ன ஊர்களுக்கு விமான சேவை குறைந்தது.

2022-இல் செனட்டர் லிண்ட்சே கிரஹாம், ஓய்வு வயதை 67 ஆக்கும் மசோதாவைக் கொண்டு வந்தார். 2023 ஜூலையில் பிரதிநிதிகள் சபை, பெரிய விமானப் போக்குவரத்து மசோதா ஒன்றில் இதையும் சேர்த்து நிறைவேற்றியது. சின்ன நகரங்களுக்கு விமானம் ஓட்டும் நிறுவனங்கள் ஆதரித்தன. தொழிற்சங்கம் எதிர்த்தது.

எதிர்ப்புக்கு ஒரு வலுவான காரணம் இருந்தது. உலக விதி 65-இலேயே நிற்கிறது. அமெரிக்கா மட்டும் 67 ஆக்கினால், 65 தாண்டியவர் வெளிநாட்டுக்கு விமானம் ஓட்ட முடியாது. மூத்தவர்களில் பலர் ஓட்டுவது கடல் தாண்டும் பெரிய விமானங்களைத்தான். அவர்கள் உள்நாட்டில் ஓடும் சின்ன விமானத்துக்கு இறங்கி வர வேண்டும். அதற்குப் பயிற்சி வேண்டும். சீனியாரிட்டி அவர்களிடம் இருப்பதால், அங்கே இருக்கும் கேப்டன் இடத்தை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அந்தக் கேப்டன் இன்னும் கீழே இறங்குவார்; அவருக்கும் ஒரு பயிற்சி. மேலே ஒருவர் நகர்ந்தால், கீழே வரிசையாகப் பலர் நகர வேண்டியிருக்கும்.

2024 பிப்ரவரியில் செனட் குழுவில் இது வாக்கெடுப்புக்கு வந்தது. 14-க்கு 13 என்று ஒரே ஓட்டில் தோற்றது! மே மாதம் கையெழுத்தான இறுதிச் சட்டத்தில் 65 அப்படியே நின்றது. 2025-இல் மான்ட்ரியலில் கூடிய ஐ.சி.ஏ.ஓ. பேரவையில், விமான நிறுவனங்களின் உலக அமைப்பு 67-ஐ முன்வைத்தது. அங்கேயும் ஏற்கப்படவில்லை.

இந்தியாவில் என்ன கதை?

சீனியாரிட்டிச் சண்டை நமக்கும் புதிதல்ல. 2007-இல் ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் இணைக்கப்பட்டன. இரண்டு நிறுவனங்களிலும் பதவி உயர்வின் வேகம் வேறு வேறு. புதிதாக வரவிருந்த போயிங் 787 ட்ரீம்லைனர் விமானத்தில் யாருக்குப் பயிற்சி என்ற கேள்வி வந்தபோது பிரச்னை வெடித்தது. பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகளுக்கும் பயிற்சி கொடுப்பதை எதிர்த்து, ஏர் இந்தியா விமானிகள் 2012 மே மாதம் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 58 நாள் நீடித்தது. சம்பளம் மட்டும் காரணமாக இருந்திருந்தால் சீக்கிரம் பேசி முடித்திருக்கலாம். வரிசையில் யார் முன்னால் என்பதுதான் கேள்வி என்றால், சமாதானம் சுலபத்தில் வருவதில்லை.

இப்போது இந்தியாவிலும் விமானிகள் 65 வயது வரை பயணிகள் விமானம் ஓட்டலாம். ஆனால், ஏர் இந்தியாவில் ஓய்வு வயது நீண்ட காலம் 58 ஆகவே இருந்தது. டாடா குழுமத்தின் கைக்கு வந்த பிறகு, 2025-இல் அது 65 ஆக உயர்த்தப்பட்டது. நிறுவனம் வேகமாக வளர்ந்து, நூற்றுக்கணக்கில் புது விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்திருக்கும் நேரம் இது. விமானங்கள் சேரச்சேர கேப்டன் இடங்களும் கூடும். மூத்தவர் தங்கினாலும் இளையவருக்கு வழி இருக்கும். இதே மாற்றம் நிறுவனம் சுருங்கும் காலத்தில் வந்தால்? அமெரிக்க இளைஞர்களுக்கு 2008-இல் நடந்ததுதான் நடக்கும்.

அவகாசம் என்ற நியாயம்

இதே அமெரிக்கா, ஓய்வு வயதை நிதானமாகவும் உயர்த்தியிருக்கிறது. 1983-இல் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் முழுமையாகக் கிடைக்கும் வயதை 65-லிருந்து 67 ஆக உயர்த்தச் சட்டம் போட்டார்கள். ஆனால், அது யாரையும் தொட ஆரம்பித்ததே 2000-க்குப் பிறகுதான். அதுவும் ஒவ்வொரு பிறந்த ஆண்டுக்கும் இரண்டிரண்டு மாதமாகக் கூட்டினார்கள். 1960-லும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்குத்தான் முழு 67. திட்டமிட்டுக்கொள்ள ஒரு தலைமுறைக்கே அவகாசம் கிடைத்தது. இரண்டு நாள் முன்னால் பிறந்ததற்காக ஐந்து ஆண்டை யாரும் இழக்கவில்லை.

விமானிகள் விஷயத்தில் 47 ஆண்டு அசையாமல் இருந்த எண்ணை, ஒரே நாளில் ஐந்து ஆண்டு நகர்த்தினார்கள். ஆண்டுக்கு ஆறு மாதம் என்று படிப்படியாக உயர்த்தியிருந்தால், 65-ஐத் தொடப் பத்து ஆண்டு ஆகியிருக்கும். மேலே ஓய்வு பெறுபவர்கள் குறைந்திருப்பார்கள்; ஆனால் நின்றிருக்க மாட்டார்கள். இளையவர்கள் மெதுவாகவாவது மேலே வந்திருப்பார்கள். 59 வயதுக்காரருக்கு ஐந்து ஆண்டுப் பரிசும், 38 வயதுக்காரருக்கு ஐந்து ஆண்டுத் தண்டனையும் ஒரே கையெழுத்தில் கிடைத்திருக்காது.

முதுமை எல்லோருக்கும் வரும். இன்றைக்கு 67 வேண்டாம் என்று கொடி பிடிக்கும் இளம் துணை விமானி, 64 வயதில் என்ன சொல்வார் என்பது அவருக்கே தெரியாது. இன்றைக்கு ‘என்னால் இன்னும் ஓட்ட முடியும்’ என்று வாதாடும் கேப்டனும், ஒரு காலத்தில் ‘பெரியவர் எப்போது போவார்?’ என்று நாள் எண்ணியவர்தான். ஒரே மனிதன் ஒரே வரிசையின் இரண்டு முனைகளிலும் நிற்கிறான். ஆகவே, இதில் யாரும் வில்லன் இல்லை.

2024-இல் வந்த அமெரிக்க விமானப் போக்குவரத்துச் சட்டத்தின் காலம் 2028 வரைதான். அடுத்த சட்டம் எழுதும்போது 67 என்ற எண் மறுபடி மேஜைக்கு வரக்கூடும். மருத்துவர்கள் இதயத்தைப் பற்றிப் பேசுவார்கள். நிறுவனங்கள் ஆள் பற்றாக்குறையைப் பற்றிப் பேசும். எத்தனை வயது என்பதோடு, எத்தனை ஆண்டு அவகாசம் என்ற கேள்வியையும் அப்போது யாராவது கேட்டால், வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் நல்லது!